நகர மன்றத் தீர்மானமும் நம் தெருவும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஒரு தலைமையாசிரியன் பேச எழுந்தால், கல்வியின் சிறப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. அதைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த மேடையில் பேசியாயிற்று. கேட்டவர்கள் தம் பிள்ளைகளைப் படிக்கவும் வைத்துவிட்டார்கள். நம் தெருவில் இன்று பட்டதாரி இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். ஆகவே, படித்த பிள்ளைகள் இனி எதைப் படிக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சிறிது பேசலாம் என எண்ணினேன். நான் குறிப்பிடுவது நகர மன்றக் கூட்டத்துக்கு அச்சிட்டுத் தரும் பொருள் நிரலை. அதைப்போல் சுவையற்ற வாசகம் உலகில் வேறொன்று இல்லை. எனினும் நம் தெருவின் தலையெழுத்து அதில்தான் எழுதப்படுகிறது.

தீர்மானம் என்பது வெறும் காகிதந்தானே என்று எண்ணும் இளைஞர்களுக்கு முதலில் மகாத் நகரை நினைவூட்டுகிறேன். அண்ணல் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார் என்பதை நம் குழந்தைகளும் அறிவர். அந்தக் குளத்துக்கு அவர் எந்த உரிமையைக் கொண்டு சென்றார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லார்க்கும் பொது என்று 1923இல் பம்பாய்ச் சட்ட மன்றத்தில் போலே என்பவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அதையொட்டி மகாத் நகராட்சி 1924 சனவரியில், தன் குளம் தீண்டத்தகாதார் எனப்பட்டோர்க்கும் திறந்துள்ளது என்று தீர்மானம் இயற்றியது. மூன்று ஆண்டுகள் அந்தத் தீர்மானம் ஏட்டில் உறங்கியது. ஒருவரும் ஒரு குடம் நீர் மொள்ளவில்லை. அண்ணல் சென்று அதை எழுப்பினார். எழுந்த பிறகு என்ன நடந்தது? 1927 ஆகஸ்டு 4ஆம் நாள் அதே நகராட்சி கூடி, தன் தீர்மானத்தைத் தானே நீக்கிக்கொண்டது. வழக்கு நடந்து, உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தபோது ஆண்டு 1937. ஒரு மாலைப் பொழுதில் சில உறுப்பினர்கள் கையுயர்த்தி நீக்கிய உரிமையை மீட்கப் பத்தாண்டுகள் ஆயின.

நம் மாகாணத்திலும் இதற்கு நிகரான நிகழ்ச்சி உண்டு. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924 ஆகஸ்டு 22ஆம் நாள் சென்னைச் சட்ட மன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாகவே, பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றில் நம்மவர் செல்வதைத் தடுக்கக் கூடாது என்று அரசாணை வெளிவந்தது. தெருவில் நடப்பதற்கே ஒரு தீர்மானம் வேண்டியிருந்த மக்கள் நாம். அந்தத் தெருவுக்குக் கல் பாவுவது, விளக்கிடுவது, சாக்கடை வெட்டுவது ஆகியவற்றின் தீர்மானங்களை நாம் படிக்காமல் விட்டால், அந்த முன்னோர்களின் உழைப்புக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன?

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

தஞ்சை நகராட்சி 1866இல் தோன்றியது. 2014இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2016 செப்டம்பரில் மதுரை, சேலம், வேலூர் ஆகியவற்றோடு தஞ்சையும் சீர்மிகு நகரத் திட்டத்துக்கு, அதாவது நாம் வழக்கில் ஸ்மார்ட் சிட்டி என்கிறோமே அதற்கு, தேர்ந்தெடுக்கப்பட்டது. நடுவணரசு ஒரு நகரத்துக்கு 500 கோடி ரூபாய் வரை தந்தது. மாநில அரசும் நகர அமைப்பும் அதற்கு ஈடான தொகையைச் சேர்க்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் ஏற்பாடாக இருந்தது. நகராட்சி பிறந்த நாள்முதல் தஞ்சை இவ்வளவு பெரிய தொகையை ஒருசேரக் கண்டதில்லை என்று துணிந்து கூறலாம்.

இத்தொகையைச் செலவிட்டது மாநகராட்சி மன்றம் அன்று. திட்டத்தின் விதிப்படி, மாநில அரசும் மாநகராட்சியும் சம பங்குதாரராக உள்ள ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. நிறுவனமென்றால் இயக்குநர் குழு. குழுவென்றால் பெரும்பாலும் அலுவலர்கள். மன்றமாவது கேள்வி கேட்டிருக்கலாமே என்பீர்கள். மன்றமே இல்லை. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் காலமும் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் நாள்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நிருவாகம் செய்தனர். திட்டம் வகுத்து, மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்தம் விட்டு, பெரும்பகுதி வேலைகள் நடந்த காலம் இதுவே. தஞ்சை மாநகராட்சியின் 51 வார்டுகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் வந்து அமர்ந்தபோது, பெரிய முடிவுகளெல்லாம் எடுக்கப்பட்டுவிட்டன. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், நகர மன்றங்களில் நம் மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் ஒதுக்க வேண்டுமென்று 1993 முதல் வகை செய்திருக்கிறது. இடம் இருந்தது, அமர நாற்காலி இல்லை.

அத்திட்டத்தில் நல்ல வேலைகளும் நடந்தன. அதைச் சொல்லாமல் குறை மட்டும் கூறுவது ஆசிரியனுக்கு அழகன்று. மேல வீதிப் பக்கத்தில் உள்ள அய்யன்குளத்தைச் சென்று பாருங்கள். நாயக்கர் காலத்துச் சேவப்பன் நாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து தெளிந்து, அங்கிருந்து நிலத்தடிக் குழாய்களின் வழியே ஊரிலுள்ள குளங்களுக்குச் சென்ற ஏற்பாடு ஒன்று முற்காலத்தில் இருந்தது. பிற்காலத்தில் மண்மூடி மறந்துபோன அந்த வழியைக் கண்டுபிடித்துச் சீர்செய்து, அய்யன்குளத்துக்கு மறுபடியும் நீர் வரச் செய்தார்கள். பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் அதைப் பார்த்து வியக்க வேண்டும். அந்தக் குழாய்ப் பாதைக்குப் பள்ளம் தோண்டிய கைகளும் ஆண்டுதோறும் தூர் வாரிய கைகளும் யாருடையவை என்று எந்த ஊரின் தகவல் பலகையும் சொல்வதில்லை என்பது வேறு கதை.

ஆனால் அகழியின் கதை அப்படிப்பட்டதன்று. தஞ்சைக் கோட்டையைச் சுற்றிய அகழியைத் தூய்மை செய்து அழகுபடுத்துவதும் இதே திட்டத்தில் சேர்ந்தது. அலங்கம் என்றால் கோட்டை மதில் என்று பொருள். மேல அலங்கம், வடக்கு அலங்கம் என்ற பகுதிகளில் மதிலையொட்டியும் அகழிக் கரையிலும் நெடுங்காலமாக மக்கள் வாழ்ந்தார்கள். பல சாதி ஏழைகளும் அங்கே இருந்தனர். அந்த வீடுகள் ஆக்கிரமிப்பு என்று குறிக்கப்பட்டு அகற்றப்பட்டன. நகருக்கு வெளியே மாற்று மனை காட்டப்பட்டது.

அகழி சாக்கடையாகக் கிடக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மழைக்காலத்தில் அந்தக் கரையில் குடியிருப்பது எத்தகைய துன்பம் என்பதை அங்கே வாழ்ந்தவர்களே சொல்வார்கள். என் கேள்வி வேறு. கரையை அளந்தவர்கள் கல்லையும் நீரையும் அளந்தார்கள். அங்கிருந்து வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் சுமை தூக்கவும் நடந்தே சென்றவர்களின் தூரத்தை அளந்தது யார்? வீடு மாறினால் கூலியில் ஒரு பங்கு பேருந்துக் கட்டணமாகிவிடுகிறது. குடிபெயர்ந்த வீட்டுப் பிள்ளையை வகுப்பில் கண்டுகொள்வது ஆசிரியனுக்கு எளிது. முதல் பாடவேளை தொடங்கிய பிறகு மூச்சிரைக்க வந்து வாசலில் நிற்பான். சில மாதங்களில் அதுவும் நின்றுவிடும்.

வேறிடத்தில் நடந்ததையும் ஒப்பிடலாம். கர்நாடகத்தில் அம்பி நகரம், விசயநகரப் பேரரசின் தலைநகர், உலக மரபுச் சின்னம். அதன் விருபாட்சர் கோயிலுக்கு எதிரேயுள்ள பழைய கடைவீதி மண்டபங்களில் வாழ்ந்து வாணிகம் செய்த குடும்பங்களை 2011 சூலையில் ஒரே நாளில் வெளியேற்றினார்கள். கோயில் தூண் காப்பாற்றப்பட்டது. தூணுக்கு இடையே நடந்த வாழ்க்கை போயிற்று. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியதையும் இங்கே நினைக்க வேண்டும். உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும். முன்னறிவிப்பும் விசாரணையும் இன்றி அகற்றக் கூடாது என்றது மன்றம். அகற்றவே கூடாது என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை நம் இளைஞர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டின்மேல் இயந்திரம் வந்து நிற்கும் நாளில் பேசும் நீதி நம்மைக் காப்பது அரிது. முன்னறிவிப்புக்கு முன்பே, திட்டம் தீர்மானமாகும் நாளில் பேச வேண்டும்.

வரலாற்றைப் பாதுகாத்தல் என்கிறார்கள். மிக நல்லது. எந்த வரலாறு? பெரிய கோயில் 1010இல் நிறைவுற்றது. 1987இல் உலக மரபுச் சின்னமாயிற்று. நாம் அதனுள் செல்வதற்கு 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு தஞ்சை அரச குடும்பத்து அறங்காவலர் அக்கோயில் உட்படத் தொண்ணூறு கோயில்களை நமக்குத் திறந்துவிட்டார். ஆயினும் அதற்கு ஒன்பது நூற்றாண்டு முன்பே நாம் அக்கோயிலின் சுவரில் இருக்கிறோம். இராசராசன் கோயிலுக்கு அளித்த ஊர்களின் கணக்கைச் சொல்லும் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்கத்தக்க நிலத்தைக் கணக்கிடும்போது, கழிக்க வேண்டிய நிலங்களை வரிசையாகச் சொல்கிறார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி; அவற்றோடு பறைச்சேரியும். சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது.

இதைச் சொல்வதால் அது பொற்காலமென்று நான் கூறுவதாகக் கொள்ள வேண்டா. தீண்டாச்சேரி என்ற ஒரு சொல் போதும், அக்காலத்தின் நிறம் தெரிய. நான் சுட்டுவது கணக்கின் முறையை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கணக்கன், நாம் குடியிருந்த மண்ணைக் குடியிருப்பு என்று எழுதி, வரியிலிருந்து நீக்கினான். இன்றைய நில அளவையில் நாம் இருக்குமிடம் புறம்போக்கு, நாம் ஆக்கிரமிப்பாளர். அந்தக் கல்லைக் காப்பதற்காக இந்தக் குடியை அகற்றுவோர், கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்க்கலாகாதா?

இங்கே சட்டத்தின் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி நடுவணரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டலாம். அத்தகைய எல்லைக்குள் பழைய குடிசை வைத்திருப்பவன் அதைக் கல்வீடாக்கவும் முடியாது. கல்வீடு இல்லாததால் அவன் குடியிருப்பு நிலையற்றது எனப்படும். நிலையற்றது என்பதால் அகற்றுவதும் எளிதாகும்.

கிராமத்தில் நமக்கு வேறு வழி பிறந்தது. 1971ஆம் ஆண்டுக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தால், பண்ணையாரின் மனைக்கட்டில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளி அந்த மனைக்கே உரிமையாளன் ஆனான். தஞ்சைத் தரணியில் நம் குடும்பங்கள் பலவற்றின் முதல் சொத்து அதுதான். என் தந்தையின் பெட்டியிலும் அந்தக் காகிதம் இருந்தது. ஆனால் வயல் வேலை குறைந்து நகரத்துக்கு வந்தவனுக்கு, நகரத்தின் ஓரத்தில் அத்தகைய சட்டம் எதுவும் காத்திருக்கவில்லை.

நிதியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கணக்கென்றால் கண்ணயர்கிறவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்க. நகர அமைப்பின் கணக்கு மூன்று பெட்டிகளாக இருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. நீங்கள் கட்டும் வீட்டு வரியில் கல்விக்கென ஒரு பங்கு உண்டு. அது மூன்றாவது பெட்டிக்குச் செல்ல வேண்டும். உங்கள் வார்டில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில் கழிவறைக் கதவு இல்லையென்றால், பணமில்லை என்ற விடையை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். மூன்றாவது பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.

மேலிருந்து வரும் நிதியால் பூங்காவும் பேருந்து நிலையமும் அங்காடியும் கட்டலாம். கட்டி முடித்த நாள்முதல் விளக்குக்கும் காவலுக்கும் துப்புரவுக்கும் ஆகும் செலவு ஊரின் சொந்த வருவாயில்தான் விழும். சீர்மிகு நகரத் திட்டம் 2025 மார்ச்சு 31ஆம் நாளோடு முடிந்தது. கட்டடங்களைப் பேணும் செலவு முடியவில்லை. சொந்த வருவாய் என்றால் வீட்டு வரி. 2022இல் தமிழகமெங்கும் அது உயர்த்தப்பட்டபோது, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடும் உயர்வு. சிறிய வீட்டுக்குச் சிறிய உயர்வு என்ற முறை நியாயமானதே. அடுத்த வருவாய் கடை வாடகை. புதுக் கட்டடத்துக் கடையை ஏலத்தில் எடுக்க வேண்டுமானால் பெரும் வைப்புத்தொகை வேண்டும். தரையில் துணி விரித்துப் பழம் விற்றவளுக்கு அந்த ஏல அறிவிப்பே கண்ணில் படாது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வேறொரு செலவு இருக்கிறது. பாதாளச் சாக்கடையைத் துப்புரவு செய்ய இயந்திரம் வாங்குவது. மனிதனைக் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக்கியது. தொகை உயர்ந்துகொண்டு போவது எதற்கு அடையாளம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இறங்குகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் இந்த அவைக்குத் தெரியும். எந்த நகரத்தின் வரவு செலவுத் திட்டத்தையும் கையில் எடுத்தால், நான் முதலில் தேடுவது அந்த இயந்திரத்துக்கான வரியை. பூங்கா விளக்கெல்லாம் பிறகு.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, உதவி ஆசிரியனாக நான் இருந்த ஓர் ஊரில் (பெயர் வேண்டா) புதுக் குடிநீர்க் குழாய் பதித்தார்கள். வடக்குத் தெருவின் கடைசி வீடு வரை வந்த குழாய், நம் குடியிருப்புக்கு இருநூறு அடி முன்பே நின்றுவிட்டது. ஒப்பந்தக்காரர் பணத்தை விழுங்கிவிட்டார் என்று ஊரே பேசியது. மறியல் செய்தோம், மனு எழுதினோம். ஆறு மாதம் ஓடியது. அப்போதுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாக வந்திருந்தது. பத்து ரூபாய் கட்டி, தீர்மானத்தின் படியைப் பெற்றோம். இரவு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். 'வடக்குத் தெரு முடிய' என்றிருந்தது. அவ்வளவுதான். ஒப்பந்தக்காரர் எழுதியபடி ஒழுங்காகவே வேலை செய்திருந்தார்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "தின்னுட்டாங்கன்னுல்ல நெனச்சோம் சார், எழுதவே இல்லியே" என்றார்.

அந்தக் கூட்டம் நடந்த நாளில் நான் அதே ஊரில்தான் இருந்தேன். பட்டம் பெற்றவன், நாளிதழ் படிப்பவன். மன்றம் கூடுகிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. குழாய் அடுத்த ஆண்டு வேறொரு தீர்மானத்தால் வந்தது. இடையில் ஒரு கோடைகாலம் முழுதும் நம் பெண்கள் குடம் சுமந்தார்கள். அந்தக் கோடைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், என் பெயரையும் அந்தப் பட்டியலில் எழுத வேண்டும்.

ஆகவே இளைஞர்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. பொருள் நிரலில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே 'அலுவலகக் குறிப்பு' என்று ஒரு பகுதி இருக்கும். எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை, எவ்வளவு மதிப்பீடு, எந்த நிதியிலிருந்து என்பவை அதில்தான் இருக்கும். உறுப்பினர்களே அதைப் படிக்க நேரமின்றி, அறுபது எழுபது பொருள்களை ஒரே மூச்சில் நிறைவேற்றிவிடும் ஊர்கள் உண்டு. உங்கள் வார்டு உறுப்பினர் நம் சமூகத்தவராயினும் வேறு சமூகத்தவராயினும், கூட்டத்துக்கு முன்பு அவரிடம் சென்று அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வார்டுக் குழு, பகுதி சபை என்று புதிய அமைப்புகள் வந்துள்ளன. முதற்கூட்டங்கள் 2022 நவம்பர் முதல் நாள் நடந்தன. அதற்குப் போய்த் தெருவின் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 'நம் பகுதி' என்று எழுதவிடாதீர்கள். தெருப் பெயர், தொடக்கம், முடிவு ஆகிய மூன்றும் வேண்டும். ஆதிதிராவிடர் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென 2024இல் தமிழக அரசு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. நம் மக்கள்தொகைக்குக் குறையாத பங்கை ஒதுக்க வேண்டுமென்பது அதன் கருத்து. ஒதுக்கிய பங்கு நம் ஊரில் எந்த வேலையாக மாறியது என்று கேட்பதற்கு அச்சட்டம் நமக்குக் கைப்பிடி தருகிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் நாளிதழ்களும் தேர்வு வழிகாட்டிகளும் இருக்கின்றன. அவற்றோடு ஒரு பதிவேடு வைக்க வேண்டும். மன்றக் கூட்டத்தின் நாள், பொருள் எண், தெரு, தொகை, வேலை முடிந்ததா இல்லையா என்று ஐந்து பத்திகள் போதும். மாதம் ஒருமுறை எழுத ஒரு மாணவன், சரிபார்க்க ஒரு பெரியவர். வெறுங்கையோடு வந்து வேண்டுகோள் வைப்பது முறையன்று என்பதால், நானூறு பக்கப் பதிவேடு ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். பத்திகளும் கோடிட்டுவிட்டேன். செயலாளர் அவர்களிடம் இதை ஒப்படைக்கிறேன். சென்ற மாதக் கூட்டத்தின் பொருள் நிரலும் இதனுள் மடித்து வைத்திருக்கிறேன்; விழா முடிந்ததும் முதற் பக்கத்தை எழுத விருப்பமுள்ளவர்கள் இங்கேயே இருக்கலாம், நானும் இருக்கிறேன்.